மூன்றாவது ஈத்து

எங்கள் வீட்டில் வளர்ந்த நாய் பாதிதான் எங்களுடையது. மறுபாதி, மலேசியாவில் ஜொகூர்ப் பக்கம் செடெனாக் என்ற ஊரில் இருந்த ஓர் அம்மாளுக்குச் சொந்தம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கணவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். "வால் பக்கம் அவங்களுது, வாய் பக்கம் நம்மளுது. அதான் சோறு போடறது நாம, குட்டி எடுத்துக்கிறது அவங்க." வந்தவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பெட்டை நாய் போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் டைல்ஸ் தரையில் நகம் படும் சத்தம் கேட்கும். வீட்டில் இப்போது வேறொரு நாய் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது மாடியில் மகளின் அறையில் தூங்கும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாளை நான் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன் தமிழர். ஓய்வுக்குப் பிறகு செடெனாக்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் லாப்ரடோர் நாய்களை வளர்த்துக் குட்டிகளை விற்றுவந்தார். பெட்டை நாய்களைக் கூண்டில் அடைத்துக் குட்டி போட வைப்பது அவருக்குப் பிடிக்காது. கூண்டில் கிடக்கும் தாய்க்குப் பிறந்த குட்டி மனிதரைக் கண்டால் மூலையில் ஒடுங்கும் என்பார். அதனால் நல்ல பெட்டைக் குட்டிகளை நல்ல குடும்பங்களாகப் பார்த்து விடுவார். குடும்பம் வளர்க்கும். பருவத்துக்கு வந்த அன்றே அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் அழைத்துப் போய் ஆண் நாயோடு சேர்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவார். பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பு மறுபடியும் செடெனாக் போக வேண்டும். குட்டிகள் பால் மறந்ததும் வீடு திரும்பலாம். இப்படி மூன்று ஈத்து. மூன்றும் முடிந்தால் நாய் முழுக்கக் குடும்பத்துக்கே.

இதெல்லாம் இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கடைசியில் மூன்று சிறிய கட்டங்கள். ஒவ்வொரு ஈத்துக்கும் ஒரு கட்டம். அதில் ஆன்ட்டி 'சரி' போட்டுக் கையெழுத்திடுவார். வருடம் ஒருமுறை நாயை எங்கள் மிருக டாக்டரிடம் காட்டி, அவர் சொல்வதை ஆன்ட்டிக்குத் தெரிவிப்பது எங்கள் பொறுப்பு. இன்னொரு வரியும் இருந்தது. நாய் குட்டி போடத் தகுதியில்லாமல் போனால், அதற்குப் பிறகு என்ன என்பதை வளர்ப்பாளரே முடிவு செய்வார். கையெழுத்துப் போடும்போது நான் அந்த வரியில் நின்றேன். ஆன்ட்டி என் தயக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அதுக்கெல்லாம் யோசிக்காதே பிள்ளை. என்ன நடந்தாலும் அவள் உங்கட பிள்ளைதான்."

வாயால் சொன்னார். அந்த வித்தியாசத்தை நான் அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். அது என் வளர்ப்பு. அப்பா ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினவர். தோட்டத்தை விற்றபோது நாங்கள் இருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் பரீட்சை எழுதும் வருடம் அது. அப்பா மானேஜரிடம் போய், ஸ்கூல் முடியும்வரை இருந்துகொள்கிறோம் என்று கேட்டார். மானேஜர் நல்ல மனிதர், சரி என்றார். அப்பாவின் தோளில்கூடத் தட்டினாராம். அடுத்த வாரம் மானேஜரை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவரிடம் அப்பா சொன்னதற்கு, காகிதம் எங்கே என்று கேட்டார். அன்று எங்கள் சட்டிபானையெல்லாம் மழையில் லாரி ஏறியது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பாடம்தான். யாரிடமும் தயவு கேட்காதே. ஒத்துக்கொண்ட வேலையை முழுசா முடி. காகிதத்தைக் கையில் வாங்கு.

உலு திராமில் நாங்கள் வாங்கிய தெரெஸ் வரிசை வீட்டின் கிராண்ட், அதாவது பட்டா, கையில் வந்த அன்று, அதை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, மூன்று நாள் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். கணவர் கேலி செய்தார். நாய் ஒப்பந்தத்தையும் அந்த ஃபைலில்தான் வைத்தேன்.

அவளுக்குப் பிஸ்கட் நிறம். காதுகள் மட்டும் கொஞ்சம் கருத்திருக்கும். எங்களிடம் ஒரு பெயர், ஆன்ட்டியிடம் ஒரு பெயர். இரண்டுக்கும் வருவாள். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று இருந்தாலும் முகத்தைச் சுளித்ததில்லை. என் கணவர் விடிவதற்கு முன்பே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். மகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு நானும் பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் ஃபேக்டரி ஆபீசுக்குப் போவேன். மாலையில் நான் வண்டியைத் திருப்பும் சத்தத்துக்கு அவள் கேட்டில் வந்து நிற்பாள். வாயில் எதையாவது கவ்விக்கொண்டுதான் நிற்பாள். வெறும் வாயோடு யாரையும் வரவேற்கமாட்டாள். பெரும்பாலும் ஒரு செருப்பு.

முதல் ஈத்தின்போது வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. மகள் அவளுக்கு வளைகாப்பு செய்ய வேண்டும் என்று அடம்பிடித்து, கண்ணாடி வளையல் ஏறாததால் தன் ரப்பர் வளையங்களை அவள் காலில் மாட்டி, நெற்றியில் சந்தனம் வைத்தாள். அந்தச் சந்தனத்தோடுதான் செடெனாக் போனாள். ஆன்ட்டி வண்டிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ர வார்டில இப்பிடி ஒரு கேஸ் வந்ததில்லை" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஏழு குட்டிகள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முதல் கட்டத்தில் 'சரி' விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து வீடு திரும்பினாள். அன்றுதான் நான் முதன்முதலில் பயந்தேன்.

வண்டியிலிருந்து இறங்கியதும் எங்களை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராக உள்ளே ஓடினாள். ஒவ்வோர் அறையாகப் போனாள். கட்டிலுக்கு அடியில், வாஷிங் மெஷின் பின்னால், சாமி அறையில், மாடிக்கு, திரும்பக் கீழே. தேடுகிறாள் என்று புரியச் சற்று நேரம் ஆனது. குட்டிகள் பிறந்தது செடெனாக்கில். இந்த வீட்டுக்குள் அவை ஒருநாளும் வந்ததில்லை. இருந்தும் இங்கேதான் தேடினாள். வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா இரண்டு நாள் பார்த்துவிட்டு, இது என்னத்தைத் தேடுகிறது என்று கேட்டார். நாய் பக்கமே வராத மனுஷி. பிள்ளைகளை என்று சொன்னேன். அவர் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் தேடுவது நின்றது. வாசலில் கிடந்த செருப்புகளிலிருந்து ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை மட்டும் எடுத்துப் போய் மாடிப்படிக்குக் கீழே சேர்த்தாள். கடிக்கவில்லை. வரிசையாக வைத்து, வயிற்றை அவற்றின் பக்கமாகத் திருப்பிப் படுத்துக்கொண்டாள். எண்ணிப் பார்த்தது மகள்தான்.

"அம்மா, ஏழு இருக்கும்மா."

இரண்டாவது ஈத்தில் ஒன்பது குட்டிகள். திரும்பி வந்தபோது எங்கள் மூவரின் செருப்பு போதாமல் பின்கட்டில் இருந்த என் பழைய ரப்பர் செருப்பான ஜப்பான் சிலிப்பரையும் கொண்டுபோனாள். அவளுக்கு எண்ணத் தெரியாது, இது தற்செயல் என்றார் கணவர். அவர் முகத்தில் தற்செயல் என்ற நம்பிக்கை இல்லை. நாங்கள் யாரும் அந்தச் செருப்புகளை எடுக்கவில்லை. ஒரு வாரம் ஒற்றைச் செருப்போடு இருந்த வீடு அது; ஆபீசுக்கு ஷூவிலேயே போய்வந்தேன்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் வருடாந்திர ஊசிக்கு எங்கள் டாக்டரிடம் கொண்டுபோனேன். சீனப் பெண், அதிகம் பேசமாட்டார். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். வேறு இடத்தில் வைத்துக் கேட்டார். பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டி, கேட்டுப் பார் என்றார்.

துடிப்புக் கேட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே இன்னொரு சத்தமும் இருந்தது. யாரோ செருப்புக் காலை இழுத்துக்கொண்டு நடப்பது போல. உஸ்... உஸ்...

இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார் டாக்டர். இப்போதைக்குப் பயமில்லை, விளையாடலாம், நடக்கலாம், வயதாகும் வரை இருப்பாள். ஆனால் இன்னொரு பிரசவத்தை இந்த நெஞ்சு தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார். எங்கள் ஏற்பாடு அவருக்குத் தெரியும். அதனால் ஆன்ட்டிக்கு அரைப் பக்கம் கடிதம் எழுதி, மடித்து, என் கையில் கொடுத்தார்.

கிளினிக் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து அதைப் படித்தேன். பின்சீட்டில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதலில் வந்தது அவள் உயிர் பற்றிய பயம் இல்லை. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கதையைச் சொல்லி என்ன பயன். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒப்பந்தத்தின் அந்த வரி. தகுதியில்லாமல் போனால் வளர்ப்பாளரே முடிவு செய்வார். இரண்டு கட்டம் நிரம்பியிருக்கிறது. ஒன்று பாக்கி. கடிதத்தைக் கொடுத்தால் ஒப்பந்தம் பாதியில் நிற்கும். பிறகு ஆன்ட்டியின் தயவில்தான் அவள் எங்களிடம் இருப்பாள். ஆன்ட்டி நல்லவர்தான். ஆனால் நாளை அவருக்கு ஏதாவது ஆனால், வெளியூரில் இருக்கும் அவர் மகன் வந்து கணக்குக் கேட்டால்? காகிதம் எங்கே என்று கேட்டால்?

ஒரே ஒரு தடவை. ஏழு போட்டாள், ஒன்பது போட்டாள், ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை முடித்துவிட்டால் முழுக்க எங்களுடையவள். பிறகு யாரும் தொட முடியாது. டாக்டரும் 'தாங்காது' என்று சொல்லவில்லையே, 'சொல்ல முடியாது' என்றுதானே சொன்னார்? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். அன்று மாலை ஆன்ட்டி போன் செய்தார்.

"டாக்டர் என்ன சொன்னவ பிள்ளை?"

"எல்லாம் ஓகே ஆன்ட்டி. ஊசி போட்டாச்சு."

அவ்வளவுதான். இத்தனை எளிதாக வந்த பொய்யை நான் அதற்கு முன் சொன்னதில்லை. கணவரிடமும் அதையே சொன்னேன். கடிதத்தை ஃபைலில், வீட்டு கிராண்டுக்குப் பின்னால் சொருகினேன்.

மறுபடி பருவத்துக்கு வந்தாள். சமையலறைத் தரையில் முதல் சொட்டைப் பார்த்தது நான். துடைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பத்துப் பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தத் தடவை தப்பியிருக்கும். நான் கையில் துணியோடு நின்று, அதே நிமிடம் ஆன்ட்டிக்குச் செய்தி அனுப்பினேன். ஒப்பந்தப்படி நடக்கிறேனாம்.

ஆண் நாயோடு சேர்த்த ஒன்பதாவது வாரம் செடெனாக் கொண்டுபோய் விட்டேன். மகள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டதால் வளைகாப்பு இல்லை. ஆன்ட்டி வீட்டு வாசலில் அவள் வண்டியைவிட்டு இறங்க மறுத்தாள். முன்பு இரண்டு தடவையும் குதித்துத்தான் இறங்கினாள். நான் கீழே உட்கார்ந்து அவளை அணைத்துத் தூக்கி இறக்கினேன். அப்போது என் காது அவள் விலாவில் பட்டது. கருவி எதுவும் தேவைப்படவில்லை. உஸ்... உஸ்...

"என்ன பிள்ளை, முகம் ஒருமாதிரி இருக்கு?" என்றார் ஆன்ட்டி.

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. விட்டுட்டுப் போக மனசு வரல."

"இதுதானே கடைசி. இனி உங்கட பிள்ளை. ஒருத்தரும் கேட்கமாட்டினம்."

கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் கையில் அவள் கழுத்துப் பட்டையைக் கொடுத்தேன். கேட்டைத் தாண்டி வண்டியைத் திருப்பும்போது அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் ஒன்றும் இல்லை.

ஆறாம் நாள், காலை பத்தரை மணி. ஆபீசில் இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். போனில் ஆன்ட்டியின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆறு குட்டி பிள்ளை. ஆறையும் தானே நக்கித் துடைச்சவள். பிறகு தலையை என்ர மடியில வைச்சவள். களைப்பெண்டு நினைச்சன். நான் பக்கத்திலதான் இருந்தனான். பக்கத்திலதான் இருந்தனான் பிள்ளை."

எனக்குக் கத்த வரவில்லை. மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க ஆன்ட்டி, சரிங்க ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆன்ட்டியின் தோட்டத்தில் டுக்குப் பழ மரத்தடியில் புதைத்தோம். மகள் தன் ரப்பர் வளையங்களைக் கொண்டுவந்து குழியில் போட்டாள். என் கணவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா செத்தபோது ஒரு தடவை, அன்று ஒரு தடவை. ஆன்ட்டி உள்ளே போய் ஒப்பந்தத்தின் தம்முடைய பிரதியை எடுத்து வந்தார். மூன்றாவது கட்டத்தில் 'சரி' போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். கீழே தம் கையால், இந்த நாய் இன்று முதல் முழுவதும் இந்தக் குடும்பத்துக்கே சொந்தம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

"சொன்ன சொல்லு. அவள் உங்கட" என்று என் கையில் வைத்தார்.

நான் கேட்ட காகிதம் எனக்குக் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன். ஃபைலில் கடிதத்துக்கு அடுத்ததாக அதை வைத்தேன். அதன் பிறகு அந்த ஃபைலைத் தலைமாட்டில் வைப்பது இருக்கட்டும், அது இருக்கும் அலமாரியின் பக்கமே போகாமல் இருந்தேன்.

ஆறு குட்டிகளில் இரண்டு ஒரு வாரத்துக்குள் போய்விட்டன. மிச்சம் நாலையும் ஆன்ட்டி புட்டிப்பால் கொடுத்துத் தேற்றினார். அதில் ஒரு பெட்டைக் குட்டியை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒப்பந்தம் இல்லை, கட்டம் இல்லை. நான் அதை ஊசிக்கு அதே கிளினிக்குக்குக் கொண்டுபோகவில்லை. கடிதம் கொடுத்தாயா என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? வேறு பேட்டையில் வேறு டாக்டரைப் பிடித்தேன். இந்தக் குட்டியின் நெஞ்சை நன்றாகக் கேளுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். சுத்தமாக இருக்கிறது என்றார். ஒரு வயதில் கருத்தடை செய்துவிட்டேன்.

ஆன்ட்டி அதோடு நாய்த் தொழிலை விட்டார். வயது வந்த நாய்களை வளர்த்த குடும்பங்களுக்கே கொடுத்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். தாமே சுட்ட பயத்தம்பணியாரத்தை டின்னில் கொண்டுவருவார். உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவார். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார்.

"எத்தனை ஆயிரம் பிள்ளைப்பேறு பார்த்த கை பிள்ளை இது. என்ர கண்ணுக்கு முன்னால விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

முதல் வருடம், "ஐயோ ஆன்ட்டி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றேன். இரண்டாம் வருடமும் அதையே சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு அந்தச் சோற்றைத் தினமும் தின்னவும் வேண்டியிருக்கிறது. அவர் போன பிறகு நான் குளியலறையில் போய்க் கைகளைக் கழுவுவேன். சோப்புப் போட்டு, பிரசவ நர்ஸ் மாதிரி, முழங்கை வரைக்கும்.

மூன்றாவது தீபாவளிக்கு வந்தவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார். கூலாயில் ஒரு குடும்பத்தில் அந்தக் கடைசி ஈத்தின் இன்னொரு பெட்டையை விட்டிருந்தாராம், எங்களிடம் இப்போது இருக்கும் நாயின் கூடப்பிறந்தவள். அந்தக் குடும்பம் ஒரு தடவையாவது குட்டி பார்க்க ஆசைப்படுகிறதாம்.

"நானும் யோசிச்சன் பிள்ளை. எனக்கும் வயசு போகுது. உங்கட பிள்ளையின்ர வழி அப்பிடியே அத்துப்போகக் கூடாது. ஒரே ஒரு ஈத்து."

நான் கையில் வைத்திருந்த பணியாரத்தை வாயில் போடவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் இருந்தேன். ஒரே ஒரு தடவை. அதே வார்த்தை. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், கணவரும் மகளும் எதிரில் இருந்தார்கள், சொல்லவில்லை. அவர் கிளம்பும்போது வாசலில் அவருடைய தோல் செருப்பில் ஒன்றைக் காணோம். எங்கள் நாயும் செருப்புக் கவ்வுகிறவள்தான். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, என் ஜப்பான் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு, காணாமல் போனதன் ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடியே போனார். அவர் போனதும் மகள் மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். செருப்பு அங்கே இருந்தது. நாய் அதன் பக்கம் வயிற்றைத் திருப்பிப் படுத்திருந்தது. தாயைப் பார்த்தறியாத குட்டி அது, வயிற்றில் ஒன்றைச் சுமக்கவும் வழியில்லாதது.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, ஆன்ட்டியின் செய்தி வந்தது. 'கூலாய் பெட்டை பருவத்துக்கு வந்திட்டாள். நேற்றுத்தான். முதல் உனக்குத்தான் சொல்றன் பிள்ளை.'

சேர்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். பிறகு அப்படிக் கணக்குப் போட்டதற்காக என்னையே அறைய வேண்டும் போலிருந்தது. மறுநாள் காலை அலமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். ஆன்ட்டியின் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். செருப்பைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். செடெனாக் வரைக்கும் மழை. வைப்பர் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம்கூட உஸ் உஸ் என்றே கேட்டது.

ஆன்ட்டி செருப்பைப் பார்த்து, "இதுக்காகவே இவ்வளவு தூரம்?" என்றார். வாசலில் அதன் ஜோடி சுவரோரம் அப்படியே இருந்தது. பக்கத்தில் வைத்தேன். உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். அவர் வீட்டில் நான் எப்போதும் நுனியில்தான் உட்காருவேன். கடிதத்தை மேசையில் வைத்து அவர் பக்கம் தள்ளினேன்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அரைப் பக்கத்தைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. கடைசியில் தேதியில் விரலை வைத்தார்.

"இது எப்ப உன்னட்டக் கிடைச்சுது?"

"ரெண்டாவது ஈத்து முடிஞ்சு, ஆன்ட்டி. நீங்க போன் பண்ணிக் கேட்டீங்களே, அன்னிக்கு."

"ஏன் எனக்குத் தரேல்லை?"

அப்பாவைச் சொல்லலாம், மானேஜரைச் சொல்லலாம், மழையில் ஏற்றிய சட்டிபானையைச் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் எடுபடாது என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"பேப்பர் கையில கிடைக்காம போயிருமோன்னு பயந்துட்டேன், ஆன்ட்டி. அவ எங்களுக்கு இல்லாம போயிருவாளோன்னு."

"தந்திருந்தா அண்டைக்கே எழுதித் தந்திருப்பன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியின் பெயரைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுகிறவர் போலச் சொன்னார். பிறகு எழுந்து, மேசை டிராயரிலிருந்து போனை எடுத்தார். கூலாய்க்காரர்களிடம் பேசினார். சேர்க்க வேண்டாம், திங்கட்கிழமையே நெஞ்சை டாக்டரிடம் காட்ட வேண்டும், கருத்தடை ஆபரேஷனுக்கும் கேட்க வேண்டும் என்றார். ஏன் என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். "தாய்க்கு இருந்தது. எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. மற்ற இரண்டு குட்டிகள் போன வீடுகளுக்கும் அப்போதே பேசினார். நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து போகச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூண்டு வருஷமா உன்ர கையைப் பிடிச்சு நான் மன்னிப்புக் கேட்டனான்."

"ஆன்ட்டி..."

"நீ அதை வாங்கிக்கொண்டு இருந்தாய்."

தேத்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. நானே எழுந்து வந்தேன். டுக்கு மரத்தடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கே போய் நிற்க நினைத்தேன், அவர் ஜன்னலில் நின்றுகொண்டிருந்ததால் போகவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் அந்த வால் பக்கம், வாய் பக்கம் கதையைச் சொல்வதில்லை.

ஆன்ட்டியிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. 'கூலாய் பெட்டைக்குச் செக் பண்ணினது. அதே சத்தம். ஆபரேஷன் முடிஞ்சுது. உயிரோட இருக்கிறாள்.' நான் அதைப் பல தடவை படித்தேன். அதில் 'பிள்ளை' என்ற வார்த்தை இல்லை. நன்றி ஆன்ட்டி என்று அடித்தேன், அழித்தேன். இந்தத் தீபாவளிக்கு அவர் வரவில்லை. நான் பலகாரம் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கணவரிடம் கேட்டேன். போகாதே என்றார்.

அன்று மத்தியானம் விருந்தாளிகள் போன பிறகு எங்கள் நாயைக் காணோம் என்று தேடினால், மாடிப்படிக்குக் கீழே படுத்திருந்தது. பக்கத்தில் என் செருப்பு, ஒன்றே ஒன்று. நான் தரையில் உட்கார்ந்து, குனிந்து, அதன் நெஞ்சில் காதை வைத்தேன். பலமுறை வைத்துப் பார்த்ததுதான். சுத்தமான துடிப்பு, நடுவே ஒன்றும் இல்லை. காதை எடுத்ததும் தரையில் நகம் படும் அந்தப் பழைய சத்தம் வந்துவிடுகிறது. பின்கட்டிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து சாமி அறைக்கு, ஒவ்வோர் அறையாக. என்னத்தைத் தேடுகிறாள் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியவில்லை.

அவள் முழுவதும் எங்களுடையவள் என்று எழுதிய காகிதம் மேலே அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. மூன்று கட்டத்திலும் 'சரி' போட்டிருக்கிறது.